பில்ட் கருவியில் எதை உடனே கணிப்பது, எதைப் பின்னுக்கு விடுவது

பில்ட் கருவி என்பது நிரலாளர் எழுதிய மூல நிரலை இயங்கத்தக்க மென்பொருளாக ஆக்கித் தரும் கருவி. அது முதலில் அமைவுக் கோப்புகளை வாசித்து, என்னென்ன பணிகள் உள்ளன, எது எதில் தங்கியுள்ளது என்ற வரைபடத்தைத் தன் நினைவகத்தில் உருவாக்குகிறது. அதன் பிறகே கேட்கப்பட்ட பணிகளை நிறைவேற்றுகிறது. கிரேடில் இதைத் தொடக்கம், அமைவாக்கம், நிறைவேற்றம் என்று மூன்று கட்டங்களாகப் பிரிக்கிறது. பேஸல் ஏற்றுதல், பகுப்பாய்வு, நிறைவேற்றம் என்று பிரிக்கிறது. சீமேக் அமைவுக் கோப்புகளை வாசித்து வேறு கோப்புகளை உருவாக்கிவிட்டு, கொம்பைல் செய்யும் (மூல நிரலைக் கணினி இயக்கக்கூடிய வடிவுக்கு மாற்றும்) வேலையை நின்ஜா, மேக் போன்ற இன்னொரு கருவியிடம் ஒப்படைக்கிறது. எந்தக் கருவியை எடுத்தாலும் அதன் வடிவமைப்பாளர் ஒரு கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும்: அமைவுக் கோப்பில் எழுதப்பட்ட பெறுமதியை வாசித்த கணத்திலேயே கணித்துவிடுவதா, அது தேவைப்படும் வரை கணிக்காமல் வைத்திருப்பதா? முதலாவதை நிரலாளர்கள் ஈகர் என்றும் இரண்டாவதை லேசி என்றும் அழைப்பார்கள். இங்கே அவற்றை உடனடிக் கணிப்பு, தாமதக் கணிப்பு என்று எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் ஐந்தாறு பேர் சேர்ந்து இயங்கும் மென்பொருள் குழுக்களில், யாராவது ஒருவர் தங்கள் குழுவுக்கென்று கிரேடிலோடு இணைந்து அதன் திறனைக் கூட்டும் ஒரு செருகுநிரலையோ சிறிய சொந்தக் கருவியையோ எழுதும் பொறுப்பை ஏற்க வேண்டி வரும். இவ்வழிகாட்டி அவருக்கானது. உதாரணமாகக் கடைகளும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் பற்றுச்சீட்டு எழுதவும் கையிருப்பைக் கணக்கு வைக்கவும் பயன்படுத்தும் ஒரு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அது தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் வெளியாக வேண்டும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் சின்னமும் பற்றுச்சீட்டின் வடிவமும் வேறு. ஒவ்வொன்றுக்கும் சோதனைப் பதிப்பும் வெளியீட்டுப் பதிப்பும் உண்டு. 12 வாடிக்கையாளர்கள் இருந்தால் 72 வகைகள். ஒரு வகைக்கு 10 பணிகள் என்று கொண்டால் மொத்தம் 720 பணிகள். சுன்னாகத்துக் கடை ஒன்றின் தமிழ் வெளியீட்டுப் பதிப்பை மட்டும் பில்ட் செய்யச் சொல்பவருக்கு அவற்றில் 10 மட்டுமே வேண்டும்.

செலவும் வரிசையும்

எல்லாவற்றையும் உடனே கணிக்கும் கருவி அந்த 720 பணிகளையும் ஒவ்வொரு முறையும் முழுமையாக அமைக்கும். எந்தக் கட்டளையைக் கொடுத்தாலும், பணிகளின் பட்டியலை மட்டும் காட்டச் சொன்னாலும், அமைவாக்கக் கட்டம் முழுவதற்குமான நேரத்தை நிரலாளர் செலுத்துகிறார். வேலை வளர வளர இந்த நேரமும் வளரும். வாடிக்கையாளர், மொழி, பதிப்பு என்பவை ஒன்றையொன்று பெருக்குவதால் அது கூட்டலாக வளராமல் பெருக்கலாக வளரும்.

இந்தச் செலவு கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் இதைப் பற்றியே பேசுகிறார்கள். என் கணிப்பில் இதைவிடப் பெரிய கேடு வரிசையில் தங்கியிருத்தல் ஆகும். கீழே உள்ள மூன்று வரிகளைப் பாருங்கள். மூன்றாவது வரி வேறொரு கோப்பில் இருப்பதாகக் கொள்ளுங்கள்.

வெளியீடு = "பில்ட்"
பொதி.இலக்கு = வெளியீடு + "/பொதி"
வெளியீடு = "பில்ட்-சேவையகம்"

இரண்டாவது வரியை வாசித்தபோதே கூட்டல் நடந்து முடிந்துவிட்டது. மூன்றாவது வரி பெறுமதியை மாற்றினாலும் பொதி பழைய கோப்புறைக்குள்ளேயே போய்ச் சேரும். கருவி எந்த வழுவையும் காட்டாது. கிரேடிலில் வெளியீட்டுக் கோப்புறையைக் குறிக்க நீண்ட காலமாக இருந்த பில்ட்டேர் என்ற பண்பு இதே சிக்கலைக் கொண்டிருந்தது. 8.3 ஆம் பதிப்பில் அது கைவிடப்பட வேண்டியதாக அறிவிக்கப்பட்டு, தாமதமாகக் கணிக்கப்படும் லேஅவுட்.பில்ட்டிரெக்டரி அதன் இடத்தைப் பெற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் செருகுநிரல் எழுதியவர்கள் ஆப்டர்இவாலுவேட் என்ற வழியை நாடினார்கள். அதாவது, அமைவுக் கோப்பு முழுவதும் வாசிக்கப்பட்ட பின்னர் தங்கள் நிரலை ஓடச் செய்தார்கள். ஒரே ஒரு செருகுநிரல் அப்படிச் செய்யும் வரை அது சரியாக இயங்கும். இரண்டு செருகுநிரல்கள் அதையே செய்யத் தொடங்கினால், அவற்றுள் எது முதலில் ஓடும் என்ற பழைய கேள்வி இன்னோர் இடத்தில் மீண்டும் எழும். புதிதாகக் கருவி எழுதுபவர் இப்படிப் பின்னர் ஓடும் நிரலை மாட்டிவைக்கும் கொக்கியை வழங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான பரிந்துரை. ஒரு முறை வழங்கிவிட்டால் பயனர்கள் அதில் தங்கிவிடுவார்கள், பிறகு அதை மீளப் பெறுவது மிகக் கடினம்.

பெயர், உறவு, பெறுமதி

வடிவமைப்பைத் தொடங்கும்போது "உடனடியா, தாமதமா" என்று கருவி முழுவதற்கும் ஒரே விடையைத் தேடாதீர்கள். அமைவுக் கோப்பில் எழுதப்படும் ஒவ்வொன்றையும் பெயர், உறவு, பெறுமதி என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எப்போது தெரிந்தாக வேண்டும் என்று தனித்தனியாகத் தீர்மானியுங்கள்.

பெயரும் வகையும் உடனே தெரிய வேண்டும். "தமிழ்ப்பொதி" என்று ஒரு பணி இருக்கிறது, அது மொழிப்பொதி வகையைச் சேர்ந்தது என்ற அளவில் கருவிக்குத் தெரிந்தால்தான் பணிகளின் பட்டியலைக் காட்டவும், கட்டளை வரியில் பெயரை நிரப்பித் தரவும், பிழையாகத் தட்டச்சிட்ட பெயரைச் சுட்டிக்காட்டவும் முடியும். அந்தப் பணிக்குள் என்ன இருக்கிறது என்பது அது வேண்டப்படும் வரை தெரியத் தேவையில்லை.

பணிகள்.பதி("தமிழ்ப்பொதி", மொழிப்பொதி) {
    மூலம் = கோப்பு("சொற்கள்/தமிழ்")
}

இங்கே முதல் வரி உடனே நடக்கிறது. அடைப்புக்குள் இருக்கும் வரி ஒரு செயலாகச் சேமிக்கப்பட்டு, அந்தப் பணி வரைபடத்துக்குள் வரும்போது மட்டும் ஓடுகிறது. கிரேடில் 2018 இல் தன் 4.9 ஆம் பதிப்பில் ரெஜிஸ்டர் என்ற அழைப்பின் மூலம் இதையே கொண்டுவந்தது. அதற்கு முந்திய கிரியேட் என்ற அழைப்பு பணியை அந்த இடத்திலேயே உருவாக்கி, அடைப்புக்குள் இருப்பதையும் ஓட்டிவிடும். ரெஜிஸ்டர் பணியைத் திருப்பித் தருவதில்லை. பணிக்கான ஒரு கைப்பிடியை மட்டுமே தருகிறது. உங்கள் கருவியிலும் இதே ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள். உருவாகாத பணியைப் பயனர் நேரடியாகத் தொட முடியாதபடி வகைகளே காவல் காக்க வேண்டும். ஆவணத்தில் எழுதிவைக்கும் எச்சரிக்கை அந்தக் காவலைச் செய்யாது.

உறவு என்பது எது எதில் தங்கியுள்ளது என்பதாகும். இதைப் பயனரிடம் தனியாகக் கேட்பதை முடிந்த அளவு தவிருங்கள். ஒரு பணியின் வெளியீடு இன்னொன்றின் உள்ளீடாக இணைக்கப்பட்டால், உறவு அந்த இணைப்பிலிருந்து தானாகவே பிறக்க வேண்டும். அது எப்படி என்பது அடுத்த பகுதியில் வருகிறது.

பெறுமதியே பெரும்பாலும் தாமதிக்கப்பட வேண்டியது. பெறுமதிகளுள்ளும் வேறுபாடு உண்டு. "தமிழ்" என்ற மொழிக் குறியீடு மாறப்போவதில்லை, அதைக் கணிக்க நேரமும் செல்லாது. அதைத் தாமதப் பொருளொன்றுக்குள் பொதிந்து வைப்பது வாசிப்பவருக்குச் சுமையையே தரும். ஒரு பெறுமதியைத் தாமதிக்க மூன்று காரணங்கள் உண்டு: அது இன்னும் தெரியாமல் இருக்கலாம், வேறு யாரேனும் அதை மாற்ற உரிமை பெற்றிருக்கலாம், அல்லது அதைக் கணிப்பது செலவு மிக்கதாக இருந்து யாருக்கும் தேவைப்படாமலும் போகலாம். இந்த மூன்றில் ஒன்றுகூடப் பொருந்தாத பெறுமதியை உடனே கணித்துவிடுங்கள்.

தாமதப் பெறுமதியைச் சுமக்கும் பொருள்

இவ்விடத்தில்தான் பெரும்பாலான சொந்தக் கருவிகள் சறுக்குகின்றன. தாமதம் வேண்டும் என்றவுடன், அளபுருக்கள் (உள்ளீடுகள்) இல்லாத ஒரு சார்பை, அதாவது அழைத்தால் விடை தரும் நிரல்துண்டை, எழுதி, தேவைப்படும்போது அதை அழைத்தால் போதும் என்று நினைக்கத் தோன்றும். அது போதாது. வெறும் சார்பு தன்னைப் பற்றி எதையும் சொல்லாது. தன் விடையை நினைவில் வைத்துக்கொள்ளாது. எந்தக் கோப்பின் எந்த வரியில் பிறந்தது என்பதும் அதற்குத் தெரியாது.

நினைவில் வைத்தல் என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். ஸ்டூவர்ட் பெல்ட்மன் 1976 இல் பெல் ஆய்வுகூடத்தில் உருவாக்கிய மேக் கருவியில் = என்ற குறியால் வரையறுக்கப்படும் மாறி, எங்கெல்லாம் பயன்படுத்தப்படுகிறதோ அங்கெல்லாம் புதிதாக விரிக்கப்படும். ஜிஎன்யூ மேக்கில் உள்ள := என்ற குறி வரையறுக்கும் இடத்திலேயே ஒரு முறை விரித்து, அந்த விடையை வைத்துக்கொள்ளும். நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் களஞ்சியத்திலிருந்து பதிப்பு எண்ணைக் கேட்டுப் பெறும் ஷெல் கட்டளை ஒன்றை = குறியுடன் எழுதி, அந்த மாறியை நாற்பது இடங்களில் பயன்படுத்தினால், அந்தக் கட்டளை நாற்பது தடவை ஓடும். நேரத்தைக் கேட்கும் கட்டளையாக இருந்தால், ஒரே பில்டில் வெவ்வேறு இடங்களுக்கு வெவ்வேறு நேரங்கள் போய்ச் சேரும். தாமதம் என்பது சேமிப்பு என்று எண்ணி எழுதியவருக்கு உடனடிக் கணிப்பைவிடக் கூடுதலான செலவே மிஞ்சுகிறது. அனுபவமுள்ள மேக் பயனர்கள் முதல் விரிவின்போது மாறி தன்னையே := வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும்படி ஈவால் சார்பைக் கொண்டு ஓர் உத்தி செய்வார்கள். நீங்கள் வடிவமைக்கும் கருவியில் அந்த நடத்தை இயல்பாகவே அமைந்திருக்கட்டும்: ஒரு பில்டில் ஒரு தாமதப் பெறுமதி ஒரு முறை மட்டுமே கணிக்கப்பட வேண்டும். கிரேடிலில் தாமதப் பெறுமதியைச் சுமக்கும் புரொவைடர் என்ற பொருள் அந்த உறுதியைத் தருவதில்லை என்பதையும் செருகுநிரல் எழுதுபவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். ஒரு நிரல்துண்டிலிருந்து உருவாக்கிய புரொவைடரை எத்தனை முறை கேட்டாலும் அத்தனை முறையும் அது மறுபடி கணிக்கப்படலாம்.

அடுத்தது, பெறுமதி எங்கிருந்து வருகிறது என்ற அறிவு. தமிழ்ப் பதிப்பின் செயலிப் பொதிக்குத் தமிழ்ச் சொற்களின் கோப்பு உள்ளீடாக வேண்டும். அதை இப்படி இணைக்கலாம்:

செயலிப்பொதி.மொழிக்கோப்பு = பணிகள்.பெயரால்("தமிழ்ப்பொதி").வெளியீடு

வலப்புறம் இருப்பது வெறும் கோப்புப் பாதை அல்ல; "தமிழ்ப்பொதி என்ற பணி முடிந்த பின்னர் கிடைக்கப்போகும் கோப்பு" என்ற முழுச் செய்தி. அந்தப் பொருள் தன்னை உருவாக்கும் பணியைச் சுமந்து செல்வதால், செயலிப்பொதி ஓடுவதற்கு முன் தமிழ்ப்பொதி ஓட வேண்டும் என்பதைக் கருவி தானே அறிந்துகொள்ளும். எது எதில் தங்கியுள்ளது என்று சொல்லும் வரியைப் பயனர் தனியாக எழுத வேண்டியதில்லை. எழுத மறந்து, ஒரு மடிக்கணினியில் பழைய கோப்பின் துணையால் ஓடிவிட்டு இன்னொருவரின் கணினியில் விழுந்துபோகும் பில்டும் இல்லாமல் போகும். பெறுமதியை மாற்றியமைக்கும் செயல்களிலும் இந்த அறிவு தொலையக் கூடாது. கோப்பின் பெயரோடு பின்னொட்டைச் சேர்த்தாலும், இரண்டு தாமதப் பெறுமதிகளை ஒன்றாக்கினாலும், கிடைக்கும் புதிய பொருள் மூலப் பணிகள் அனைத்தையும் தொடர்ந்து சுமக்க வேண்டும். கிரேடிலின் மேப், பிளாட்மேப் ஆகிய அழைப்புகள் இதற்காகவே உள்ளன. பெறுமதியை முதலில் வெளியே எடுத்து, மாற்றி, மீண்டும் உள்ளே வைப்பவர் அந்தச் சங்கிலியைத் தம் கையாலேயே அறுத்துவிடுகிறார்.

எல்லாப் பெறுமதிகளும் இருந்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. ஒரு வாடிக்கையாளர் சின்னத்தைத் தராவிட்டால் அது இல்லை என்று சொல்லும் வழி வேண்டும். வெற்றுச் சொற்றொடரை இல்லாமைக்குப் பதிலாகப் பயன்படுத்த விடாதீர்கள்.

எப்போது பூட்டுவது

தாமதப் பெறுமதி மாற்றத்துக்குத் திறந்திருப்பது. அப்படியானால் எதுவரை திறந்திருக்கும்? இதற்கு விடை சொல்லாத கருவி, நாம் மேலே பார்த்த மூன்று வரிச் சிக்கலை வேறு வடிவத்தில் மீண்டும் வளர்க்கும். ஒருவர் பெறுமதியை வாசித்துவிட்டார், அதன் பிறகு இன்னொருவர் அதை மாற்றுகிறார். வாசித்தவரிடம் பழையதும் மற்றவர்களிடம் புதியதும் இருக்கும்.

ஆகவே ஒவ்வொரு பெறுமதிக்கும் வாழ்நிலைகளை வகுத்துவிடுங்கள். முதலில் செருகுநிரல் ஓர் இயல்புப் பெறுமதியைத் தரும். பிறகு பயனர் விரும்பினால் தன் பெறுமதியை வைப்பார், அது இயல்பை வெல்லும். இவை இரண்டும் ஒரே பெட்டியில் எழுதப்படக் கூடாது. தனித்தனியாக வைக்கப்பட்டால்தான் செருகுநிரல் பின்னர் ஓடினாலும் பயனரின் விருப்பம் அழியாமல் இருக்கும். கிரேடிலில் கொன்வென்ஷன், செட் என்று இரண்டு அழைப்புகள் இருப்பதன் காரணம் இதுவே. பணி ஓடத் தொடங்கும்போதோ, யாராவது முதன்முறை வாசிக்கும்போதோ பெறுமதி பூட்டப்பட வேண்டும். அதன் பிறகு வரும் எந்த மாற்றமும் வழுவாக வெடிக்க வேண்டும். மாற்றத்தை ஓசையின்றிப் புறக்கணிக்கும் கருவியை நம்பி யாரும் வேலை செய்ய முடியாது.

அமைவாக்கக் கட்டத்தில் பெறுமதியை வாசிக்கவே விடக் கூடாதா என்ற கேள்வி எழும். பணியொன்றின் வெளியீட்டைப் பொறுத்த வரை என் விடை, கூடாது என்பதுதான். அந்தப் பணி இன்னும் ஓடவில்லை; அதன் வெளியீட்டைக் கேட்பது பொருளற்றது. கிரேடிலும் பணி முடிவதற்கு முன்னர் அதன் வெளியீட்டிலிருந்து மாற்றியமைத்த பெறுமதியைக் கேட்டால் வழுவைத் தருகிறது. மற்றப் பெறுமதிகளை வாசிக்க அனுமதிக்கலாம்; ஆனால் வாசித்த இடத்தைப் பதிந்துவைத்து, பின்னர் மாற்ற முயல்பவருக்கு அந்த இடத்தைக் காட்டுங்கள்.

தாமதிக்கக் கூடாதவை

தாமதத்தை ஒரு கொள்கையாக்கிக்கொண்டவர்கள் அதன் விலையை மறந்துவிடுகிறார்கள். கருவி ஒன்றைப் பின்னுக்குத் தள்ளும் ஒவ்வொரு முறையும், அதற்கு முன்பு நடக்கும் எல்லாவற்றுக்கும் அது தெரியாத பொருளாகிறது. சீமேக்கின் உருவாக்கக் கோவைகள், அதாவது $< என்று தொடங்கும் குறியீடுகள், இதை நன்றாகக் காட்டுகின்றன. சோதனைப் பதிப்பா வெளியீட்டுப் பதிப்பா என்பது விசுவல் ஸ்டூடியோ போன்ற பல்பதிப்பு உருவாக்கிகளில் அமைவாக்கத்தின்போது தெரியாது. ஆகவே அந்தத் தெரிவை உருவாக்கும் கட்டத்துக்குத் தள்ளியது சரியான முடிவு. ஆனால் அதன் விளைவாக அந்தக் கோவையை இஃப் நிபந்தனையில் சோதிக்கவும் முடியாது, அச்சிட்டுப் பார்க்கவும் முடியாது. அச்சிட்டால் கணிக்கப்படாத எழுத்துகளே திரையில் வரும்.

பேஸல் இந்தச் சிக்கலைக் கையாண்ட விதம் எனக்குப் பிடித்தமானது. நிபந்தனைக்கேற்ப ஒன்றைத் தெரிவுசெய்யும் செலக்ட் என்ற அமைப்பில் எந்தத் தெரிவு வெல்லும் என்பது பகுப்பாய்வுக் கட்டம் வரை தெரியாது. ஆனால் இருக்கக்கூடிய தெரிவுகள் எவை என்பது ஏற்றும் கட்டத்திலேயே எழுத்தில் இருக்கிறது. எனவே வரைபடத்தைக் கேட்கும் குவெரி என்ற கட்டளை எல்லாக் கிளைகளையும் சேர்த்துக் காட்ட முடிகிறது. ஓர் அமைவுக்குரிய உண்மையான கிளையை அறிய விரும்புபவர், பகுப்பாய்வுக்குப் பின் ஓடும் சீகுவெரியைப் பயன்படுத்துகிறார். நம் பற்றுச்சீட்டு மென்பொருளிலும் இதையே செய்யலாம். மொழி மூன்றுள் ஒன்றுதான் என்பதை முன்னரே அறிவிக்கச் செய்து, எந்த மொழி என்பதை மட்டும் தாமதிக்கலாம். "தமில்" என்று தவறாக எழுதியவர் பில்ட் பாதி ஓடிய பிறகு அல்லாமல் முதல் நொடியிலேயே அதை அறிந்துகொள்வார்.

பெயரால் பணியைத் தேடும் அழைப்பும் உடனே தோல்வியடைய வேண்டும். கிரேடிலின் நேம்ட், பணியை உருவாக்காவிட்டாலும் அப்படியொரு பணி பதியப்பட்டிருக்கிறதா என்று உடனே பார்க்கிறது. இல்லையென்றால் அங்கேயே நிறுத்துகிறது. தாமதமும் கண்டிப்பும் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு இது நல்ல சான்று.

இன்னொன்றையும் இவ்விடத்தில் சொல்ல வேண்டும். பெறுமதி சேர் வரி வீதம் போன்றவற்றைப் பில்ட் அமைவுக்குள் கொண்டுவந்துவிட்டு, அதை உடனே கணிப்பதா தாமதிப்பதா என்று யோசிப்பவர்கள் உண்டு. இலங்கையில் அந்த வீதம் 2024 ஜனவரி 1 இல் 15 வீதத்திலிருந்து 18 வீதமாக உயர்ந்தது. அத்தகைய பெறுமதிக்கு இடம் மென்பொருள் இயங்கும்போது வாசிக்கும் ஓட்டநேர அமைவே. பில்ட் கருவிக்கு அதைப் பற்றித் தெரியவே கூடாது.

வெளியுலகிலிருந்து வருபவை

சூழல் மாறிகள், கிட் களஞ்சியம், கடிகாரம், வலையமைப்பு ஆகியவற்றை அமைவுக் கோப்பு வாசிக்கும்போது மிகுந்த கவனம் தேவை. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. மடிக்கணினியில் மின்கலம் இருந்தாலும், மின்சாரம் போனதும் வீட்டு ரவுட்டர் நின்றுவிடும். அத்தகைய வேளையில், அமைவாக்கத்தின்போதே தொலைவிலுள்ள சேவையகத்திடம் அண்மைய பதிப்பு எண்ணைக் கேட்கும் ஒற்றை வரி இருந்தால், அந்த எண்ணே தேவைப்படாத நிரலின் சிறு பகுதியை மட்டும் சோதிக்கும் ஒரு அலகுச் சோதனையைக்கூட ஓட்ட முடியாது. அதே வரியைத் தாமதப் பெறுமதியாக்கி வெளியீட்டுப் பணியின் உள்ளீட்டில் மட்டும் இணைத்திருந்தால், வெளியீடு செய்பவர் மட்டுமே வலையமைப்புக்குக் காத்திருப்பார். வலையமைப்பைத் தொடும் எதையும் அமைவாக்கக் கட்டத்தில் தடைசெய்யும் விதியை உங்கள் கருவியிலேயே எழுதிவிடுங்கள்.

கடிகாரத்தில் இன்னொரு நுட்பம் உள்ளது. அமைவாக்கத்தின் விடையைச் சேமித்து அடுத்த முறை அப்படியே மீளப் பயன்படுத்தும் கேஷ், கிரேடிலில் 2020 இல் 6.6 ஆம் பதிப்பில் பரிசோதனையாக வந்து, 2023 இல் 8.1 ஆம் பதிப்பில் நிலைபெற்று, 2025 இல் வெளிவந்த 9.0 இல் பரிந்துரைக்கப்படும் முறையானது. இப்படியொரு கேஷை நீங்களும் எழுத நினைத்தால், அமைவாக்கத்தின்போது வாசிக்கப்பட்ட நேரம் இரண்டு வழிகளில் ஒன்றில் கெடுதல் செய்யும். கருவி அதை உள்ளீடாகக் கவனித்தால், நேரம் ஒவ்வொரு முறையும் மாறுவதால் கேஷ் ஒருபோதும் பயன்படாது. கவனிக்காவிட்டால், பழைய நேரம் கேஷில் உறைந்து, இன்றைய பொதியில் போன வாரத் திகதி அச்சாகும். பணி ஓடும்போது மட்டும் நேரத்தை வாசிப்பதே இரண்டையும் தவிர்க்கும். இங்கே நேர வலயத்தையும் வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். யாழ்ப்பாணத்தில் அதிகாலை 4 மணிக்குத் தொடங்கும் பில்ட், உலகப் பொது நேரத்தில் இயங்கும் சேவையகத்துக்கு முந்திய நாள் இரவு 10.30 ஆகும், பற்றுச்சீட்டு மென்பொருளின் "பற்றி" பக்கத்தில் ஒரு நாள் முந்திய திகதி தோன்றும்.

சூழல் மாறிகளுக்கும் இதே முறை பொருந்தும். அமைவாக்கத்தின்போது வாசித்தால் அது அமைவாக்கத்தின் உள்ளீடு. மாறினால் எல்லாம் மீண்டும் கணிக்கப்பட வேண்டும். பணியின் உள்ளீடாகத் தாமதமாக இணைத்தால், மாறும்போது அந்தப் பணி மட்டும் மீண்டும் ஓடும்.

வழுச் செய்தியும் சுழலும்

தாமதக் கணிப்பின் பெரிய பலவீனம், தவறு எழுதப்பட்ட இடத்துக்கும் அது வெளிப்படும் இடத்துக்கும் இடையில் உள்ள தூரம். மூன்றாவது கோப்பின் பத்தாவது வரியில் எழுதிய பிழை, பணி ஓடும் இழையொன்றில் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளுள் ஒன்றில்) வெடிக்கும்; எந்தச் சார்பு எதை அழைத்தது என்று காட்டும் அடுக்குத் தடத்தில் கருவியின் உள்நிரல்கள் மட்டுமே தெரியும். ஒவ்வொரு தாமதப் பெறுமதியும் உருவாகும்போதே தன் கோப்பையும் வரி எண்ணையும் குறித்துக்கொள்ளச் செய்யுங்கள். கணிப்பு தோற்றால், எந்தப் பண்பு எதைக் கேட்டது, அது எதைக் கேட்டது என்ற சங்கிலி முழுவதையும் அந்த வரி எண்களுடன் அச்சிடுங்கள். கருவியை எழுதும் நேரத்தில் பெரும் பங்கை இதற்குச் செலவிட்டாலும் அது வீணாகாது. பயிற்சிக்காகக் குழுவில் சேரும் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் யாரையும் எழுப்பாமல் தன் பிழையைத் தானே கண்டுபிடிப்பதற்கு வேறு வழி இல்லை.

ஒரு பெறுமதியின் கணிப்பு சுற்றிவந்து தன்னையே கேட்டு நிற்பது சுழல். அதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு பெறுமதிக்கும் நான்கு நிலைகள் போதும்.

பெறு():
    நிலை = முடிந்தது எனில் விடையைத் திருப்பு
    நிலை = தோற்றது எனில் அதே வழுவைத் திருப்பு
    நிலை = கணிப்பில் எனில் சங்கிலியுடன் சுழல் வழுவை எழுப்பு
    நிலை ஐக் கணிப்பில் என்று மாற்று
    கணித்து, விடையை அல்லது வழுவைச் சேமி
    நிலை ஐ முடிந்தது அல்லது தோற்றது என்று மாற்று

தொடக்கத்தில் நிலை "கணிக்கப்படவில்லை" என்று இருக்கும். தோற்ற கணிப்பை அதே பில்டில் மறுபடி முயலாமல் முதல் வழுவையே திருப்புவது முக்கியம். இல்லாவிட்டால் ஒரே தவறு பத்து இடங்களில் பத்து விதமாகத் தெரியும். பணிகளை ஒரே நேரத்தில் பல இழைகளில் ஓட்டும் கருவியென்றால், "கணிப்பில்" என்ற நிலையை எந்த இழை வைத்தது என்பதையும் சேர்த்துப் பதியுங்கள். அதே இழை மீண்டும் வந்தால் அது சுழல். வேறு இழை வந்தால் அது விடைக்காகக் காத்திருக்க வேண்டும். இரண்டு இழைகள் ஒன்றின் பெறுமதிக்காக மற்றொன்று காத்திருக்கும் நிலையும் வரக்கூடும் என்பதால், காத்திருக்கத் தொடங்கும் முன் யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்ற பட்டியலைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏற்கனவே உள்ள கருவியை மாற்றுதல்

முதலில் அளவிடுங்கள். எந்தப் பணியையும் ஓட்டாத உதவிக் கட்டளை ஒன்றுக்கு எடுக்கும் நேரம், ஏறக்குறைய அமைவாக்கத்தின் நேரமே. கிரேடிலில் ஹெல்ப் பணியை ஓட்டிப் பார்த்தால் போதும். புரொபைல் தெரிவைச் சேர்த்தால் எந்தத் திட்டத்தின் அமைவாக்கம் எவ்வளவு நேரம் எடுத்தது என்ற அறிக்கையும் கிடைக்கும். பிறகு பணிகளை உருவாக்கும் இடங்களைப் பதியும் இடங்களாக மாற்றுங்கள். பெறுமதிகளைத் தாமதமாக்குவது அதற்குப் பின்னர் வரலாம்.

இந்த மாற்றத்தின்போது இரண்டு பொறிகள் காத்திருக்கின்றன. ஒரே ஒரு பழைய வரி முழு உழைப்பையும் குலைத்துவிடக்கூடும்: எல்லாப் பணிகளையும் சுற்றிவந்து ஒவ்வொன்றையும் தொடும் ஆல் போன்ற அழைப்பு, பதியப்பட்ட 720 பணிகளையும் உடனே உருவாக்கச் செய்யும். கிரேடிலில் கொன்பிகர்ஈச் என்ற அழைப்பு, பணி உருவாகும்போது மட்டும் ஓடும்படி செயலைச் சேமித்துக்கொள்கிறது. வித்டைப் அழைப்புக்குப் பின்னால் நேரடியாக அடைப்பை எழுதினால் உடனடியாகவும், கொன்பிகர்ஈச் சேர்த்து எழுதினால் தாமதமாகவும் நடக்கும். பார்வைக்கு மிகச் சிறிய இந்த வேறுபாட்டை நிரல் மீளாய்வில் எளிதில் தவறவிடலாம். உங்கள் கருவியில் இரண்டையும் ஒத்த பெயர்களால் அழைக்காதீர்கள்.

மற்றப் பொறி பக்க விளைவு. பழைய அமைவுக் கோப்புகளில் பணியின் அடைப்புக்குள் பொதுப் பட்டியல் ஒன்றில் தன்னைச் சேர்த்துக்கொள்ளும் வரி இருக்கும்: "இந்த மொழிப்பொதியை மொத்தப் பட்டியலில் சேர்" என்பது போல. உடனடிக் கணிப்பில் அந்த வரி எப்போதும் ஓடியது. தாமதக் கணிப்பில் பணி வேண்டப்படாவிட்டால் அது ஓடவே ஓடாது, பட்டியல் குறைவாகவே இருக்கும், பில்டும் வெற்றி என்று அறிவிக்கும். எனவே மாற்றத்தைத் தொடங்கும் முன், அடைப்புக்குள் இருந்துகொண்டு அந்தப் பணிக்கு வெளியே உள்ள எதையும் மாற்றும் வரிகளைத் தேடி எடுத்து, பதியும் வரிக்கு அருகில் வெளியே நகர்த்துங்கள். பட்டியலில் பணியைச் சேர்க்காமல் அதன் தாமதக் கைப்பிடியைச் சேர்த்தால், பட்டியலும் முழுமையாக இருக்கும், பணியும் உருவாகாது.

மாற்றியதைக் காத்துக்கொள்ளக் கருவியின் சோதனைத் தொகுப்பில் ஒரு சோதனையைச் சேர்த்துவிடுங்கள்: உதவிக் கட்டளையை ஓட்டினால் உருவான பணிகளின் எண்ணிக்கை பூச்சியமாக, அல்லது அந்த உதவிப் பணி ஒன்றாக மட்டும் இருக்க வேண்டும். சுன்னாகத்துக் கடையின் தமிழ் வெளியீட்டுப் பதிப்பைக் கேட்டால் அந்த 10 பணிகள் மட்டும் உருவாக வேண்டும். நேரத்தை அளவிடும் சோதனை கணினிக்குக் கணினி மாறும். எண்ணிக்கையைப் பார்க்கும் சோதனை எங்கும் ஒரே விடையைத் தரும், தோற்கும்போது எந்தப் பணி எந்த வரியால் உருவானது என்பதையும் சொல்லும்.

பழைய அழைப்புகளை ஒரே நாளில் நீக்க வேண்டாம். ஒரு பதிப்பு முழுவதும் அவை இயங்கட்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் அமைவுக் கோப்பின் வரி எண்ணையும், அந்த இடத்தில் இனி எழுத வேண்டிய வரியையும் முழுமையாக அச்சிடட்டும், பயனர் அதை அப்படியே நகலெடுத்து ஒட்டக்கூடிய வடிவில். எச்சரிக்கைகள் தீர்ந்த வாடிக்கையாளர் கிளைகளில் அவற்றை வழுவாக மாற்றும் தெரிவை இயக்குங்கள். எல்லாக் கிளைகளும் அந்த நிலையை அடைந்த பின்னர் அடுத்த பதிப்பில் பழைய அழைப்பை நீக்கலாம்.